விசில் இல்லாத மைதானம்: ஒரு கல்லூரிப் பயிற்சியாளரின் 60 ஆண்டுகள்

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசினால் பத்து நிமிடத்துக்குள் ஒரு பேச்சு வந்துவிடும். போட்டுப் பிழியாமல் எவனும் தேற மாட்டான், வெயிலில் ஓடவிட்டால்தான் உடம்பு இறுகும், அழுதால் அழட்டும். நானும் அதை நம்பி வளர்ந்தவன்தான். அந்த நம்பிக்கையை எனக்குள் முதலில் அசைத்தது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்னக் கல்லூரியில் நடந்த கதை. அதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வரிசையாக எழுதி வைத்தால் மைதானத்தில் நிற்கும் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆட்டக்காரர்கள், உடன் வேலை பார்த்தவர்கள் பெயரை இதில் தரவில்லை. தலைமைப் பயிற்சியாளரின் பெயர் மட்டும் ஊரறிந்தது: ஜான் கலார்டி. அவருடைய ஆட்டக்காரர்கள் கடைசி வரை அவரை வெறும் "ஜான்" என்றுதான் கூப்பிட்டார்கள், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் கொஞ்சம்

ஃபுட்பால் என்றதும் நமக்கு மனதில் வரும் கால்பந்து வேறு, இது வேறு. அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் அடி தாங்குவதற்குக் கட்டும் கனமான பேட் என்ற கவசம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு, அதற்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு ஓடுகிறவனை மோதிப் பிடித்துத் தரையில் வீழ்த்துவதற்கு டேக்கிள் என்று பெயர். ஆட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது, ஆபத்தும் அதில்தான். கபடியில் ஏறி வந்தவனை அமுக்குவது மாதிரி, ஆனால் இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓடி வந்து மோதிக்கொள்கிறார்கள். முழங்கால், தோள், கழுத்து, மூளை எதற்கும் உத்தரவாதம் கிடையாது.

பல்கலைக்கழகங்களில் இந்த ஆட்டம் பெரிய பணம் புரளும் தொழில். ஜான் வேலை பார்த்த இடம் அப்படியல்ல. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது. படிக்க வருகிற பையன், ஆசைப்பட்டால் ஆடுவான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பின்னணி: 16 வயதில் வந்த பொறுப்பு

ஜான் பிறந்தது 1926 நவம்பர் 1, கொலராடோ மாநிலத்தில் டிரினிடாட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பத்தில். கத்தோலிக்கப் பள்ளி அணியில் ஆடிக்கொண்டிருந்தார். 1943இல் போர் உச்சத்தில் இருந்தபோது அந்த அணியின் பயிற்சியாளர் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். மாற்று ஆள் கிடைக்காமல் பள்ளி நிர்வாகம் ஃபுட்பாலையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தது. அப்போது 16 வயது ஜான் போய், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பேசிச் சம்மதம் வாங்கினார். ஆடுகிறவரும் அவரே, பயிற்சி கொடுக்கிறவரும் அவரே.

முழுக் கதையிலும் எனக்கு முக்கியமாகப் படும் இடம் இதுதான். முதல் நாள் வரை அவர் அந்தப் பயிற்சியின் கீழ் வாடியவர். பயிற்சி நேரத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற விதியை வறண்ட தொண்டையோடு அனுபவித்தவர். (நம் ஊர் மைதானங்களிலும் இதைக் கேட்டிருக்கிறேன். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்பார்கள், பிள்ளைகள் உதட்டை நக்கிக்கொண்டே ஓடுவார்கள்.) விசில் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் தாம் பட்டதை அடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். ஜான் அந்தச் சங்கிலியை அறுத்தார். தண்ணீர் வேண்டுமா, குடியுங்கள் என்றார். வெறுப்பேற்றிய உடற்பயிற்சிகளை எடுத்துவிட்டு அந்த நேரத்தை ஆட்டத்தைப் பழகுவதற்குக் கொடுத்தார். அந்த அணி அந்த வட்டாரப் போட்டியில் முதலிடம் பிடித்தது.

அவருடைய கூட்டாளிப் பையன்கள் அவரை "கோச்" என்று கூப்பிட்டிருப்பார்களா என்ன? நேற்று வரை பக்கத்து பெஞ்சு. பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். பின்னால் 86 வயதிலும் 18 வயதுப் பையன்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஹெலெனா, அப்புறம் காலேஜ்வில்

பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே கொலராடோ கல்லூரியில் படித்து முடித்தார். 1949இல் மொன்டானா மாநிலம் ஹெலெனாவில் உள்ள கரோல் கல்லூரி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தது. அப்போது வயது 22. நாலு சீசனில் 24 வெற்றி, 6 தோல்வி, ஒரு சமன்.

1953இல் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. பெயரில்தான் பல்கலைக்கழகம், உண்மையில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்தும் ஆண்கள் கல்லூரி. ஊர் பெயர் காலேஜ்வில். மடம், கல்லூரி, காடு, ஏரி, அவ்வளவுதான் ஊர். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தொழில்முறை ஃபுட்பாலில் பெரிய பெயர் எடுத்த முன்னாள் வீரர், அதே கல்லூரியின் பழைய மாணவர். அவராலேயே அங்கே பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. இங்கே யாராலும் ஜெயிக்க முடியாது என்று அவர் ஜானிடம் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். 26 வயதில் வந்த ஜான் முதல் சீசனிலேயே மினசோட்டா கல்லூரிகளின் வட்டாரப் பட்டத்தில் பங்கு வாங்கினார். சம்பளத்துக்குச் சும்மா இருக்கவில்லை, ஐஸ் ஹாக்கி அணியையும் சில வருடம் பார்த்துக்கொண்டார். சின்னக் கல்லூரிகளில் அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்.

அவர் கண்ணில் பட்டது

அதே காலத்தில் மற்ற இடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் ஜான் செய்தது எவ்வளவு விலகியது என்று புரியும். 1954இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராகப் புதிதாக வந்த "பேர்" (கரடி) பிரையண்ட், வறட்சியில் வாடிய ஜங்ஷன் என்ற ஊருக்குத் தன் ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நாள் முகாம் நடத்தினார். கொளுத்தும் வெயில், தண்ணீர் இடைவேளை கிடையாது. நூறு பேர் அளவில் போனவர்களில் முப்பத்தைந்து பேர் அளவில்தான் தாக்குப்பிடித்தார்கள், மற்றவர்கள் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். அமெரிக்க விளையாட்டு உலகம் இதைப் பல காலம் வீரக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

காலேஜ்வில்லில் ஜான் கவனித்தது வேறு. வாரம் முழுக்கப் பயிற்சியில் தன் ஆட்களே தன் ஆட்களை மோதி வீழ்த்துகிறார்கள். அதில் அடிபடுகிறவன் சனிக்கிழமை மேட்சில் ஆட மாட்டான். எதிரணி ஒன்றும் செய்யாமலே நம் நல்ல ஆட்டக்காரனை நாமே உட்கார வைத்துவிடுகிறோம். இன்னொன்று, கல்லூரிக்கு வருகிற பையனுக்கு டேக்கிள் செய்யத் தெரியும், பள்ளியில் நாலு வருடம் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறான். அவனுக்குத் தெரியாதது எங்கே நிற்பது, பந்து எந்தப் பக்கம் போகும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தக் கோணத்தில் போய்ச் சேருவது என்பவை. இவற்றைப் பழக மோதல் தேவையில்லை. தலை தெளிவாக இருந்தால் போதும்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

1950களின் பின்பாதியிலிருந்து செயின்ட் ஜான்ஸ் பயிற்சியில் டேக்கிள் இல்லை. ஒரு சீசன் நிறுத்திப் பார்ப்போம் என்று ஆரம்பித்துப் பழைய வழக்கத்துக்குத் திரும்பிய கதையும் இல்லை, அவர் ஓய்வு பெறும் வரை இல்லவே இல்லை. எதிரணியாக நிற்பவன் பந்துக்காரனை நெருங்கிவிட்டால் போதும், அந்த ஓட்டம் அங்கே முடிந்தது, திரும்ப வந்து அடுத்ததை ஆடு.

ஒரே நாளில் உட்கார்ந்து போட்ட திட்டம் இல்லை இது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார். வழக்கமாக எல்லோரும் செய்கிற ஒன்றை எடுத்துக்கொள்வார், இது சனிக்கிழமை ஆட்டத்துக்கு எந்த வகையில் உதவுகிறது என்று கேட்பார், பதில் இல்லையென்றால் எடுத்துவிடுவார். இப்படிப் போனவற்றின் பட்டியல் பின்னாளில் மிக நீளமாகி, அதுவே அந்தக் கல்லூரியின் அடையாளமாகிவிட்டது. விசில் கிடையாது. தள்ளிப் பழகுகிற இரும்புச் சட்டம் கிடையாது. தண்டனை ஓட்டம் கிடையாது. எடை தூக்குவது கட்டாயமில்லை. புதுப் பையன்களை மூத்தவர்கள் வதைப்பது அறவே கூடாது. பயிற்சி 90 நிமிடத்தைத் தாண்டாது. மழை கொட்டினாலோ, குளிர் தாங்க முடியாமல் போனாலோ, கொசு மொய்த்தாலோ அன்றைக்கு வெளியே பயிற்சி இல்லை. கொசுவுக்காகப் பயிற்சியை நிறுத்துவதா என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொசு கடிக்கிறபோது ஒருவன் என்ன கற்றுக்கொள்ளப் போகிறான்?

தேர்வு வைத்து ஆட்களைக் கழிப்பதும் கிடையாது. ஆட வருகிறேன் என்றவன் அணியில் இருப்பான். சில வருடங்களில் 150 பேருக்கு மேல் பட்டியலில் இருந்தார்கள். தலைவன் என்று ஒருவனைப் பொறுக்காமல் கடைசி ஆண்டு மாணவர்கள் எல்லோரையும் தலைவர்களாக வைத்தார். களத்தில் எந்த ஆட்டத்தைப் போடுவது என்ற முடிவில், பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்குப் பெரிய சுதந்திரம் கொடுத்தார், ஓரத்திலிருந்து பார்க்கிற எனக்கு உன் கண் முன்னால் இருப்பது தெரியாதே என்பது அவருடைய நியாயம். அப்புறம், அவரைக் "கோச்" என்று கூப்பிடவும் கூடாது.

பயிற்சி தொடங்கும்போது நடக்கும் ஒரு காட்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஹெல்மெட்டும் தோள் பேடும் போட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய பெரிய பையன்கள் புல்லில் மல்லாக்கப் படுத்துக்கொள்வார்கள். வானத்தைப் பார்ப்பார்கள். பிறகு பக்கத்தில் படுத்திருப்பவன் பக்கம் தலையைத் திருப்பி, இன்றைக்கு நல்ல நாள் இல்லையா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். உடற்பயிற்சி அட்டவணையில் அதற்கென்று ஒரு பெயர் உண்டு, "நல்ல நாள்" பயிற்சி. வெளியிலிருந்து வந்து பார்த்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. காலையிலிருந்து வகுப்பு, ஆய்வகம், தேர்வு என்று ஓடிவிட்டு வருகிற 19 வயதுப் பையனுக்கு மைதானத்தில் முதலில் கிடைப்பது அந்த வானமும் பக்கத்துப் பையனின் முகமும். என்னால் அதை வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை.

அடுத்த 90 நிமிடம் விளையாட்டுத்தனம் இல்லை. இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், இவர் பையன்களைச் சும்மா விட்டுவிட்டார், அவர்களும் எப்படியோ ஜெயித்தார்கள் என்று. ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள். ஒருவன் அரை அடி தள்ளி நின்றிருந்தால் மறுபடியும். அடுத்தவனை வீழ்த்துவதில் செலவாகாத உடம்பும் நேரமும் இந்தத் திருத்தங்களுக்குப் போயின. மற்ற அணிகள் மூன்று மணி நேரத்தில் செய்கிற திருத்தத்தை இவர்கள் ஒன்றரை மணி நேரத்தில் செய்தார்கள் என்றால், இடையில் யாரும் நொண்டிக்கொண்டு ஓரத்துக்குப் போகவில்லை, யாரும் மூச்சு வாங்கக் குனிந்து நிற்கவில்லை என்பதுதான் காரணம். கடுமை இருந்தது. உடம்பின் மேல் இல்லை, கவனத்தின் மேல்.

இவ்வளவையும் மடத்துத் துறவிகள் நடத்தும் கல்லூரி பொறுத்துக்கொண்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் நன்கொடையாளர்கள் இரண்டு மோசமான சீசனுக்குள் இப்படிப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். உதவித்தொகை இல்லாத பிரிவு, ஒதுங்கிய ஊர், அவசரப்படாத நிர்வாகம், இவை மூன்றும் அவருக்குக் கிடைத்த இடம். அவரும் அதை விட்டுப் பெரிய இடம் தேடிப் போகவில்லை.

பின் நடந்தவை

1962 முதல் வட்டாரப் பட்டங்கள் மறுபடியும் வரத் தொடங்கின. 1963இல் தேசியச் சிறு கல்லூரிகள் சங்கத்தின் இறுதி ஆட்டம் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் நடந்தது, எதிரில் பிரெய்ரி வியூ. தொழில்முறை ஆட்டத்துக்குப் போகக்கூடிய திறமைசாலிகள் நிறைந்த அணி அது. செயின்ட் ஜான்ஸ் 33க்கு 27 என்று ஜெயித்தது. 1965இல் லின்ஃபீல்டு அணியை 33க்கு 0. பிறகு பதினோரு வருடம் கழித்து 1976இல் மூன்றாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் டவ்சனை 31க்கு 28.

இடையில் ஆட்டத்தின் முறையே மாறியது. ஓட்டத்தை நம்பிய காலம் போய்ப் பந்தை எறிந்து ஆடும் காலம் வந்தது, ஜானும் மாறினார். 1993இல் அவருடைய அணி ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 61.5 புள்ளி எடுத்தது. அதே வருடம் மூன்றாம் பிரிவின் சிறந்த ஆட்டக்காரனுக்குத் தரும் விருதுக்கு அவர் பெயரையே வைத்தார்கள், அவர் இன்னும் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தபோதே.

2000இல் ஒஹாயோவின் மவுண்ட் யூனியன் அணியிடம் இறுதி ஆட்டத்தில் 10க்கு 7 என்று தோற்றார்கள். மூன்று புள்ளியில் பட்டம் போனது. அந்தக் காலத்தில் மூன்றாம் பிரிவில் மவுண்ட் யூனியனை அசைக்க யாருமில்லை.

2003தான் எல்லாம் சேர்ந்து வந்த வருடம். கல்லூரி ஃபுட்பாலில் அதிக வெற்றி என்ற ரெக்கார்ட் அதுவரை கிராம்ப்ளிங் பல்கலைக்கழகத்தின் எடி ராபின்சனிடம் இருந்தது, 408. கறுப்பின மாணவர்களுக்கான அந்தக் கல்லூரியில் 1941 முதல் 1997 வரை நின்ற மனிதர் அவர், நிறவெறிச் சட்டங்களின் கீழிருந்த லூசியானாவில் அதைச் செய்தவர், அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நவம்பர் 8 அன்று காலேஜ்வில்லில் பெத்தல் அணியோடு ஆட்டம். பள்ளத்தில், சுற்றிலும் மரங்களோடு இருக்கும் அந்தச் சின்ன மைதானத்தில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். 29க்கு 26, மயிரிழையில் வெற்றி, 409 ஆனது.

அதோடு நிற்கவில்லை. டிசம்பரில் வர்ஜீனியாவின் சேலம் நகரில் இறுதி ஆட்டம், மறுபடியும் மவுண்ட் யூனியன். அவர்கள் தொடர்ச்சியாக 55 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்திருந்தார்கள். செயின்ட் ஜான்ஸ் 24, மவுண்ட் யூனியன் 6. ஜெயித்ததைவிட அந்த 6தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பயிற்சியில் ஒருவரையும் வீழ்த்தாத அணியால் மேட்சில் எப்படி வீழ்த்த முடியும் என்று அரை நூற்றாண்டாகக் கேட்டவர்களுக்கு, நாட்டின் அந்தப் பிரிவிலேயே பலமான அணியை 60 நிமிடத்தில் 6 புள்ளியோடு நிறுத்தியது பதில்.

2006இல் கல்லூரி ஃபுட்பால் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள்.

கடைசி சில ஆண்டுகள்

2009 வரை வட்டாரப் பட்டங்கள் வந்தன, மொத்தம் 27. அதன் பிறகு இறங்குமுகம். செயின்ட் பால் நகரிலுள்ள போட்டிக் கல்லூரியான செயின்ட் தாமஸ், இளம் பயிற்சியாளர் ஒருவரின் கீழ் வேகமாக எழுந்தது, 2012இல் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. அதே 2012இல் ஜானின் அணி 5 வெற்றி, 5 தோல்வி. அந்த நவம்பரில் 86 வயதில் ஓய்வை அறிவித்தார். பள்ளிக் காலத்தையும் சேர்த்தால் 70 சீசன். கல்லூரியில் மட்டும் 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமன். இன்று வரை கல்லூரி ஃபுட்பாலில் அவ்வளவு வெற்றி யாருக்கும் இல்லை.

2018 அக்டோபர் 7 அன்று, 91 வயதில் காலமானார். அதே வருடக் கோடையில் வேறொரு பெரிய பல்கலைக்கழகத்தில் 19 வயது ஆட்டக்காரன் ஒருவன் பயிற்சி ஓட்டத்தில் வெப்பம் தாக்கிச் செத்துப்போனான். உடல் சூட்டை உடனே தணித்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய சாவு. 1943இல் ஒரு 16 வயதுப் பையனுக்குப் புரிந்தது 75 வருடம் கழித்தும் கோடிக்கணக்கில் செலவழிக்கும் இடங்களில் புரியவில்லை என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

சில இடங்களில் புரிந்தது. 2010இல் டார்ட்மத் கல்லூரி தன் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியில் டேக்கிளை நிறுத்தியது. ஆளுக்குப் பதில் மோதிப் பழகுவதற்கு ஓடும் பொம்மை ஒன்றையே உருவாக்கினார்கள். 2016இல், ஹார்வர்டு, யேல் போன்ற பழைய பெரிய கல்லூரிகளின் கூட்டமைப்பான ஐவி லீக்கின் கல்லூரிகள் எட்டும் சேர்ந்து சீசன் நேரப் பயிற்சியில் முழு டேக்கிளை விலக்கின. தொழில்முறை லீக்கும் 2011 ஒப்பந்தத்தில், சீசன் முழுவதற்கும் முழு பேடோடு பயிற்சி 14 தடவைக்கு மேல் கூடாது என்று வரம்பு போட்டது. மூளைக் காயம் பற்றிய மருத்துவ அறிவு இவர்களைத் தள்ளியது. ஜான் அந்த ஆய்வுகள் எதுவும் வருவதற்கு முன்பே, தன் பையன்கள் நொண்டுவதைப் பார்த்தே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்.

இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

இந்த நிகழ்வை வைத்து, மென்மையாக நடத்தினால் ஜெயிக்கலாம் என்று ஒரு விதி போட ஆசையாக இருக்கும். அது தப்பு. ஜங்ஷனில் ஆட்களை வாட்டிய பிரையண்ட் அந்த வருடம் 10 ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தார் என்றாலும் இரண்டு வருடம் கழித்து அதே அணி ஒரு தோல்வியும் இல்லாமல் வட்டாரப் பட்டம் வாங்கியது, அவர் வாழ்நாளில் 323 வெற்றி எடுத்து அலபாமாவில் தெய்வமாகக் கொண்டாடப்பட்டார். ஆக, வெற்றிக் கணக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது.

செயின்ட் ஜான்ஸ் ஜெயித்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். பயிற்சி இப்படி இருக்கிறது என்று கேள்விப்பட்டே நல்ல பையன்கள் அங்கே படிக்க வந்திருப்பார்கள். அறுபது வருடம் ஒரே ஆள் இருந்ததால் வந்த நிலைத்தன்மை ஒரு பக்கம். எதிரணிகளின் பலம் ஒரு பக்கம். ஒரே ஒரு கல்லூரியின் கதையில் இவற்றைப் பிரித்து எடுக்க வழியில்லை.

ஆனால் ஒன்றை இந்த நிகழ்வு உறுதியாகவே காட்டுகிறது. வதைப்பது தேவை என்று சொல்கிறவர்கள், அது இல்லாமல் முடியாது என்கிறார்கள். முடியாது என்ற பேச்சை உடைக்க ஒரு உதாரணம் போதும். இங்கே 60 சீசன் இருக்கிறது. அது தேவையில்லை என்று ஆகிவிட்டால், வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் ஓடவிடுகிறவர் அதற்கான நியாயத்தை வேறெங்காவதுதான் தேட வேண்டும். பையனுடைய நன்மைக்காக என்று இனிமேல் சொல்ல முடியாது.

மாற்றிச் செய்திருக்கலாம் என்று தோன்றுவது

முதலாவது, எழுதி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சீசனிலும் பயிற்சியில் எத்தனை பேருக்கு அடிபட்டது, மேட்சில் எத்தனை பேருக்கு, எத்தனை நாள் வெளியே இருந்தார்கள் என்று பக்கத்துக் கல்லூரிகளோடு ஒப்பிட்டு 1950களிலிருந்தே ஒரு கணக்கு வெளியே வந்திருந்தால், மற்றவர்கள் இதை ஒரு தனி மனிதரின் விசித்திரப் பழக்கம் என்று தள்ளியிருக்க முடியாது. அவர் கல்லூரியில் ஃபுட்பால் கோட்பாடு பற்றி ஒரு பாடமே நடத்தினார், அதில் படித்தவர்கள் பலர். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லவும் செய்தார். இருந்தும் இந்த முறை ஐவி லீக்கைச் சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. சொன்னதைவிட எண்கள் வேகமாகப் போயிருக்கும்.

இரண்டாவது, பின்பற்ற நினைப்பவர்கள் டேக்கிளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்று மணி நேரப் பயிற்சி, தண்டனை ஓட்டம், பயந்து நடுங்கும் பையன்கள் எல்லாம் இருக்கட்டும், மோதல் மட்டும் வேண்டாம் என்றால் கிடைப்பது இன்னொரு அரைகுறை. ஜான் எடுத்தவை ஒன்றோடொன்று பின்னியவை. அடிபடாத உடம்பு இருந்ததால்தான் திரும்பத் திரும்ப ஆட முடிந்தது, பயம் இல்லாததால்தான் குவார்ட்டர்பேக் சொந்தமாக முடிவெடுத்தான்.

மூன்றாவது, இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, கடைசி நாலைந்து வருடம். 80 வயதைத் தாண்டிய பிறகு, ஒரு தேதி வைத்துப் பொறுப்பைப் படிப்படியாகக் கைமாற்றியிருக்கலாம். எல்லாவற்றிலும் தேவையா என்று கேட்டவர் தன் இருப்பைப் பற்றி அந்தக் கேள்வியைத் தாமதமாகத்தான் கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. நிர்வாகத்துக்கும் அதில் பங்கு உண்டு, அப்படிப்பட்ட ஒருவரிடம் போய் யார்தான் பேச்செடுப்பார்கள். நல்லவேளை, ஆள் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. அதே கல்லூரியில் படித்து, ஜானிடம் ஆடி, பல வருடம் அவருக்கு உதவியாளராக இருந்தவர் பொறுப்பேற்றார். 2013இல் அணி களமிறங்கியபோது, 1952க்குப் பிறகு முதல் தடவையாக வேறொருவர் தலைமைப் பயிற்சியாளராக நின்றார். அடுத்த வருடமே வட்டாரப் பட்டம் காலேஜ்வில்லுக்குத் திரும்பி வந்தது. 2019இல் அணி தேசியப் போட்டியின் அரையிறுதி வரை போனது.